பெட்டியோடு நின்றவன்

டொராண்டோவுக்கு இரண்டு பேராகப் போவதாக இருந்தது. மனைவி மஞ்சரி இறந்த பிறகும் கதிரவனால் பயணத்தை ரத்துசெய்ய முடியவில்லை. அங்கே நிறைமாதமாக இருக்கும் அவளுடைய அக்கா, "நீங்களாவது வாங்க" என்று தினமும் போனில் அழுதாள். ஒருவர் இரண்டு பெட்டி கொண்டுபோகலாம், ஒவ்வொன்றும் இருபத்துமூன்று கிலோவரை. ஒன்று அவனுடையது. மற்றது மஞ்சரி கடைசியாக அடுக்கி மூடியது. அதை இன்னும் யாரும் திறக்கவில்லை.

மாமியார் பிரசவ லேகியம், மாவடு, பருப்புப்பொடி எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பியிருந்தார்.

"அவ துணிய எடுத்துட்டா இதெல்லாம் அதுல அடங்கிரும்ல மாப்ள?"

"துணிய எடுக்க வேண்டாம் அத்தை. அதுல ஏற்கெனவே எடை முழுசா இருக்கு."

"எங்க, தூக்கிக்கிட்டு எடை மிஷின்ல ஏறுங்க. உங்க எடையக் கழிச்சுப் பாத்துருவோம்."

பெட்டியை மார்போடு அணைத்தபடி ஏறினான். மாமியார் குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"அறுபத்தேழு. நீங்க எவ்வளவு?"

"நாப்பத்திநாலு" என்றான், வாய்க்கு வந்ததை.

மாமியார் நிமிர்ந்து அவனையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பெட்டியக் கீழ வச்சிட்டுத் தனியா நில்லுங்க மாப்ள."

அவன் வைக்கவில்லை. கைகள் கடுத்தன, முள் நடுங்கியது. மாமியார் நெருங்கி வந்து பெட்டிக்கு அடியில் கைகொடுத்தார். முள் கொஞ்சம் இறங்கியது.