சரிவாக முறிந்த வெண்கட்டி

நேர்முகத் தேர்வுக்கென்று கதிர்காமநாதன் உள்ளே நுழைந்தபோது நீள மேசைக்கு அப்பால் கழுத்துப்பட்டியோடு இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவர் தாடி வைத்த வெள்ளைக்காரர். மற்றவர், பார்த்தாலே தெரிந்தது, தமிழர்.

கேள்வி கேட்க ஒரு தமிழர் இருக்கிறார் என்றதும் பாதிப் பயம் போய்விட்டது.

பென்ரோஸில் இரும்பையும் கொங்கிறீற்றையும் சோதித்துப் பார்க்கும் இடம் அது. கிளிநொச்சியில் குளக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியியலாளரான அவர், எண்பத்தைந்தில் நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்த நாளிலிருந்து ஹென்டர்சனில் கோழி வெட்டிக்கொண்டிருந்தார். இந்த வேலையும் தவறினால் கோழிதான்.

கதைத்துக்கொண்டு நிற்காமல் செய்து காட்டிவிட வேண்டும் என்று மனைவி குணவதி சொல்லி அனுப்பியிருந்தாள்.

யாரும் வாய் திறக்குமுன் அவர் பையிலிருந்து கரும்பலகையில் எழுதும் வெண்கட்டிகளை எடுத்தார்.

"வடிவாய்ப் பாருங்கோ, சேர்" என்று தமிழரிடம் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார்.

ஒன்றை வளைத்தார். நேர் குறுக்கே முறிந்தது.

இன்னொன்றை ஈரத் துணி பிழிவதுபோல முறுக்கினார். அது சரிவாகச் சுற்றிக்கொண்டு முறிந்தது.

முறுக்கும்போது நாம் இழுப்பதே இல்லை என்றார். ஆனாலும் உள்ளே ஒரு சரிந்த திசையில் இழுவை உச்சத்துக்குப் போகிறது. அதுதான் முதன்மைத் தகைப்பு. எவ்வளவு அமுக்கினாலும் பொறுத்துக்கொள்கிற வெண்கட்டி, இழுவையை மட்டும் பொறுக்காது. அந்த இழுவைக்குக் குறுக்கே வாய் பிளந்துவிடும்.

தாடிக்காரர் துண்டுகளைப் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். தமிழர் விறுவிறுவென்று எழுதிக்கொண்டார்.

தேர்வுப் புள்ளி போடுகிறார்கள் என்று நினைத்த கதிர்காமநாதன் இன்னும் உற்சாகமாகி, தாளில் வட்டமும் கோடும் கீறி விளக்கினார். முடித்ததும் இருவரும் கைதட்டினார்கள்.

கதவு திறந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்து, நேர்முகத் தேர்வு அடுத்த அறையில் தொடங்குகிறது, முதலில் யார் வருகிறீர்கள் என்று கேட்டாள்.

தமிழர் எழுந்தார்.

"கோபிக்காதேங்கோ அண்ணை. நான் சில்வெஸ்ரர், மன்னார். நாங்களும் வேலை கேட்டுத்தான் வந்தனாங்கள்." குரலைத் தாழ்த்தினார். "இன்னுமொரு சோக் கிடக்கோ?"

பையில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது.

கதிர்காமநாதன் அதை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். சில்வெஸ்ரரைப் பார்த்தார். தாடிக்காரரும் வெட்கத்தோடு கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

முறுக்காமல், வளைத்து, மூன்றாக முறித்தார்.

பெரிய துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டார்.