மின்னலா, அலையா?

அமல்ராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. குழந்தையின் அழுகையைப் பேச்சாக மாற்றும் செயலியை மனைவி ஜெசிந்தா எழுதி முடித்துவிட்டாள். ஒரு போன் தளத்துக்கு எழுதிய செயலியை இன்னொரு தளத்தில் வெளியிடக்கூடாது என்பது சட்டம். அவள் போன் ‘அலை’ தளம், அவன் போன் ‘மின்னல்’ தளம். மூன்று வாரமாக மின்னலின் அருமை பெருமைகளை அவள் காதில் ஓதிக்கொண்டே இருந்தான்.

“சரிங்க, உங்க மின்னலுக்கே போட்டுட்டேன்,” என்றாள்.

துள்ளிக் குதித்தான். ஜெயித்தாயிற்று!

தொட்டிலில் குழந்தை வீறிட்டது. உடனே அவன் போன் மழலையில் கூப்பிட்டது: “அப்பா, ஈரமாயிடுச்சுப்பா. துணிய மாத்துப்பா.”

“கேட்டியா ஜெசி! எவ்வளவு தெளிவாச் சொல்றான்!”

“எனக்கு ஒண்ணும் புரியலையேங்க,” என்றபடி அவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டாள். “என் போன் அலையாச்சே!”