எண்ணெய் படாத பத்துக் கட்டங்கள்

பெங்களூரின் பிற்பகல் வெயில் ஆய்வறைச் சன்னலைக் கடந்து, மேசைமீது விரிந்திருக்கும் கடற்கரை வரைபடத்தின்மேல் சாய்ந்து விழுகிறது. அதில் இருபது கட்டங்கள் உள்ளன. பத்தில் எண்ணெய் ஊற்றி, பத்தைத் தூய்மையாக விட்டு, இரண்டிலும் வாழும் நண்டுகளையும் சிப்பிகளையும் ஓராண்டு ஒப்பிட வேண்டும். எந்தக் கட்டத்திற்கு எது என்பதை மனிதர் தம் விருப்பப்படி தீர்மானிக்கலாகாது. ஆகவே ஆய்வாளர் சங்கமித்ரா இருபது சீட்டுகளை மடித்துச் சாப்பாட்டு டப்பாவிலிட்டுக் குலுக்குகிறாள். மூன்றாண்டு அலைந்து பெற்ற அனுமதிக் கடிதம் அருகில் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. கைப்பேசி ஒலிக்க, எடுத்து ஒலிபெருக்கியில் போடுகிறாள். கட்டங்களுக்குக் கயிறு கட்டக் கடற்கரைக்குச் சென்றுள்ள குணசேகர் பேசுகிறார். “மேடம், ஏதோ கப்பல்ல எண்ணெய் ஒழுகிடுச்சாம். கரை முழுக்கத் தார் மாதிரி கெடக்குது.” “ஒரு கட்டமாச்சும் சுத்தமா இருக்கா, பாருங்கண்ணா.” “எதைன்னு பாக்குறது மேடம்? கட்டின கயிறே கறுப்பாயிடுச்சு.” எதிர்மேசையில் உடன் பணிபுரியும் டோரீன் கசப்பாகச் சிரிக்கிறாள். “நாம பத்து லிட்டர் ஊத்த மூணு வருஷம் கெஞ்சினோம். அந்தக் கப்பல்காரன் யார்கிட்டடி கேட்டான்?” சங்கமித்ராவின் விரல்கள் தாமாகவே டப்பாவுக்குள் சென்று, ஒன்றாம் எண் கட்டத்திற்கென ஒரு சீட்டை எடுத்துப் பிரிக்கின்றன. ‘எண்ணெய் ஊற்றக் கூடாது’ என்று அவளுடைய கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது.