மைனஸ் முப்பத்தெட்டில் ஒரு ஹீட்டர்

டிராக்டரைப் பார்த்த நிமிடமே அதைத் திருடிவிடுவது என்று ஓரெஸ்ட் முடிவு செய்துவிட்டான்.

யாருக்குத்தான் ஆசை வராது? பச்சை நிறம், ஆளுயரச் சக்கரங்கள், உள்ளே மெத்தை இருக்கை. டிசம்பரில்தான் கனடாவில், சஸ்காட்செவன் மாகாணத்தின் இந்த மூலைக்கு வந்து மெக்கானிக் பட்டறை போட்டிருந்தான். ஒன்றரை மாதத்தில் இது நாலாவது வேலை. ஈ ஓட்டலாம் என்றால் இந்தக் குளிரில் ஈ கூட இல்லை. இது ஒன்று கைக்கு வந்தால் போதும், விற்றுவிட்டுச் சொந்த ஊருக்கே தலைநிமிர்ந்து திரும்பிவிடலாம்.

"என்ன தம்பி, வண்டியக் கண்ணாலயே முழுங்கற? வேலையப் பாரு," என்றார் பெரியவர் வாசில். கொட்டகைக்குள்ளேயே அவர் மீசையில் பனி உறைந்திருந்தது. "சனியன், இந்தக் குளிர்ல இருமக்கூட மாட்டேங்குது."

"ஹீட்டர் மாட்டிட்டா சமத்தா எழுந்துக்கும் பெரியவரே."

ஓரெஸ்ட் கூலன்ட்டை வடித்தான். என்ஜின் பக்கவாட்டில் இருந்த மூடியைத் தட்டிக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் ஹீட்டரைச் செருகி இறுக்கினான். கூலன்ட்டை மறுபடி ஊற்றி, ஒயரை முன்பக்கமாகத் தொங்கவிட்டான். விரல் மரத்துப் போனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. தன் சொந்த வண்டிக்குச் செய்வதுபோலவே செய்தான்.

பெரியவர் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். "எவ்வளவு நேரத்துல சூடாகும்?"

"நாலு மணி நேரம். தினமும் காலைல ஆறு மணிக்கு ஒயரைக் கரண்ட்டுல செருகிடுங்க. ஞாயித்துக்கிழமைகூட விட்டுடாதீங்க, அதான் என்ஜினுக்கு நல்லது."

"பத்து மணிக்கு ஒரே திருகுல கிளம்பிடுமா?"

"கிளம்பலைன்னா என் பேரை மாத்திக்கறேன். ஆமா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவீங்கதானே?"

"பின்னே? பூசை முடிஞ்சு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை விருந்து வேற இருக்கு. திரும்பி வரச் சாயங்காலம் ஆயிடும்."

"நல்லா வயிறு நிறையச் சாப்பிடுங்க," என்றான் ஓரெஸ்ட், மனசார.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி. தன் வண்டியில் நீளமான காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு பண்ணைப் பாதையில் திரும்பியவனுக்கு மைனஸ் முப்பத்தெட்டிலும் குப்பென்று வியர்த்தது. வாசலில் போலீஸ் கார். இரண்டு பக்கமும் பனி மேடு. டிரெய்லரைத் திருப்பவும் வழியில்லை.

போலீஸ்காரர் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் பக்கத்தில், ஜனவரி மாதத்தில் வெயில் பட்டுக் கறுத்த முகத்தோடு, மெல்லிய சட்டையில் ஒருவர் நடுங்கிக்கொண்டு நின்றார். பின்னால் கொட்டகை காலியாகக் கிடந்தது.

யாரோ முந்திக்கொண்டுவிட்டார்கள்! ஓரெஸ்டுக்கு வயிறு எரிந்தது. கொழுக்கட்டை தின்றுவிட்டு வந்து பார்க்கப்போகும் பெரியவரை நினைத்து ஒரு கணம் நிஜமாகவே பாவமாகவும் இருந்தது.

போலீஸ்காரர் தரையில் கிடந்த ஹீட்டர் அட்டைப்பெட்டியைக் காட்டினார். "ஊர்ல இருக்கற ஒரே மெக்கானிக் நீதான். இதை மாட்டினது நீதானேப்பா?"

"ஆமா சார். பெரியவர் வாசில் கேட்டாரு, மாட்டிக் கொடுத்தேன்."

"எந்த வாசில்? இது என் பண்ணை!" என்று தலையில் அடித்துக்கொண்டார் கறுத்த முகத்துக்காரர்.

"ஹீட்டர் இல்லாம எவனாலயும் கிளப்ப முடியாதுங்கற தைரியத்துலதான்யா, சாவிய வண்டியிலயே விட்டுட்டு நான் அரிசோனாவுக்கு வெயில் காயப் போனேன்!"