வேட்டுச் சத்தம் இல்லாத வரவேற்பு

1962 தேர்தல். ஓட்டுக் கேட்டு, ஆமத்தூரைத் தாண்டியிருந்த பட்டாசுத் தொழிலாளர்களின் ஊருக்குள் நுழைந்தார் எம்.எல்.ஏ. தனுஷ்கோடி. போன தேர்தலுக்குப் பிறகு இப்போதுதான் வருகிறார். தெரு நிறையக் கூட்டம். ஆனால் ஒரு வேட்டுச் சத்தம்கூட இல்லை.

"பட்டாசு செய்யிற ஊருல ஒரு வேட்டு போடலியே, மாரிசாமி?"

"எல்லாம் உங்க சிக்கனம் கத்துக்குடுத்தது, அண்ணாச்சி," என்றார் கூட வந்த மாரிசாமி. "வீண்செலவுன்னா சட்டசபையிலயே எந்திரிச்சு நின்னு தடுக்கிற ஆளு வாராகன்னு, சனங்களும் காசைக் கரியாக்கல."

தனுஷ்கோடிக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளைத்தாய் என்ற பெண் ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தாள். தட்டில் சிவப்புத் தண்ணீர் மட்டுமே இருந்தது.

"கற்பூரத்துலயுமா சிக்கனம்? பேஷ்!" சிரித்தபடியே சுருட்டை வாயில் வைத்துத் தீக்குச்சியை உரசினார்.

கூட்டம் அலறிச் சிதறியது. பிள்ளைகளை வாரிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. வெள்ளைத்தாய் ஆரத்தித் தண்ணீரைத் தீக்குச்சியின் மேல் வீசினாள். அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு.

"கோவிச்சுக்கிடாதீக ஐயா," அவள் காலித் தட்டைத் தரையில் வைத்தாள். "போன சித்திரையில கம்பெனியில தீப்பிடிச்சதுல வீட்டுக்கு ஒரு உசுரு போச்சு. அன்னையிலருந்து குச்சி உரசுற சத்தம் கேட்டாலே எங்களுக்கு ஈரக்குலை நடுங்குது."

"தீயணைப்பு வண்டி..." அவர் வாய் தானாகக் கேட்டது.

"விருதுநகர்லருந்து வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. பக்கத்துலயே ஒரு வண்டி நிறுத்தச் சொல்லி மனுப்போட்டோம். வீண்செலவுன்னு சட்டசபையில ஒருத்தரு தடுத்துட்டாராம்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அது யாருன்னு விசாரிச்சுச் சொல்லுவீகளா, ஐயா?"