சாடைப் பேச்சு

யூதக் கடவுளுக்கு வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் ஸ்விட்ச் ஆகாது. ஸ்ரீஸ்கந்தராஜாவின் விரல் மட்டும் ஆகும்.

பக்கத்து வீட்டு மொறிஸ் அன்றும் வந்து கதவைத் தட்டினார். தலையில் சின்னத் தொப்பி, காலில் வீட்டுச் செருப்பு.

"எங்கள் வீடு இன்றைக்குக் குளிராக இருக்கிறது," என்றார். சொன்னது ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் அல்ல, லண்டன் இல்ஃபோர்ட் வானத்திடம்.

வெள்ளி பொழுதுபட்டால் தொடங்கும் ஓய்வுநாளில் மொறிஸ் ஸ்விட்சைத் தொடக்கூடாது. 'போடு' என்று மற்றவரிடம் வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. சாடையாகச் சொல்லலாமாம்.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து இதுதான் நடக்கிறது. ஸ்ரீஸ்கந்தராஜா போய் ஹீட்டரைப் போடுவார். பிறகு அவர்களுடைய மேசையிலேயே இருந்து சாப்பிட்டு, கதைத்து, படுக்கத்தான் வீடு திரும்புவார். வெள்ளிக்கிழமை அவருக்கு மரக்கறிச் சாப்பாடுதான். அதனால் மொறிஸின் மனைவி மிரியம், கோழி சூப்புக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பானை பார்லி சூப்பும் வைப்பார். விரலுக்குக் கூலி என்று ஸ்ரீஸ்கந்தராஜா நினைத்துக்கொள்வார்.

கூலி என்றால்தான் அவருக்குத் தொண்டையில் இறங்கும். பெட்ரோல் ஸ்டேஷனில் அவருடைய ஷிப்டைக் குறைத்தபோது மொறிஸ் ஒரு பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்தார். "நான் ஒருத்தரிட்டையும் கையேந்திறேல்லை," என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். தன் வீட்டு ஹீட்டரை அவர் போடுவதே இல்லை. கேட்டால், சூடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்பார். வீட்டுக்குள்ளும் கோட்டும் கம்பளித் தொப்பியுமாகத்தான் திரிவார்.

அன்று அவருக்குக் கோபம் மூக்குநுனியில் வந்து நின்றது. பகல் முழுக்கப் போர்வைக்குள் கிடந்து யோசித்திருந்தார். தனக்குப் பாவம் வராமலிருக்க இன்னொருவன் விரலா? இது என்ன பக்தி? இன்றைக்கு இந்த மனுசனை வாய்விட்டுக் கேட்க வைக்காமல் விடுவதில்லை.

மொறிஸ் வீட்டு ஸ்விட்சுக்கு முன்னால் போய், கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு நின்றார்.

"ஓம், குளிர்தான்," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"மிரியத்தின் கால் ஐஸ்கட்டி," என்றார் மொறிஸ், கூரையைப் பார்த்து.

"பாவம்."

மொறிஸ் இருமிப் பார்த்தார். கைகளைத் தேய்த்துப் பார்த்தார். ஸ்ரீஸ்கந்தராஜா அசையவில்லை.

"மொறிஸ், ஒருக்கா நேராக் கேளுங்கோ. தேவையெண்டால் வாய்விட்டுக் கேக்கிறதுக்கு என்ன? உங்கட கடவுளுக்கு இந்தச் சாடையெல்லாம் விளங்காதோ?"

இரண்டு கிழடுகளும் ஸ்விட்சுக்குக் காவல் நின்றன.

சுவரில் 'டிக்' என்று ஒரு சத்தம். பொயிலர் தானாக உறுமத் தொடங்கியது. ரேடியேட்டர் மெல்லச் சூடேறியது.

மொறிஸ் காதுவரை சிவந்துபோனார்.

ஆள் வந்து நிற்பது தெரியாமல் சமையலறையிலிருந்து மிரியம் சத்தம் போட்டார். "பொழுதுபடுமுன் டைமரை வைக்கும்போதே இன்னும் பிந்தி வை என்று எத்தனை தரம் சொன்னேன், மொறிஸ்? அவர் வருவதற்குள் ஹீட்டர் தானாக வேலை செய்தால், பிறகு என்ன சாட்டுச் சொல்லி அவரைக் கூப்பிடுவாய்?"

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை வெள்ளிக்கிழமையும் யாருக்குக் குளிர் என்பதும் விளங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. விறுவிறென்று வாசல்வரை போய்க் கதவைத் திறந்தார். பக்கத்தில் அவருடைய வீடு இருட்டாகக் கிடந்தது. காற்று முகத்தில் அறைந்தது.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றினார். கோட்டைக் கழற்றி மாட்டினார்.

நேராகச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எங்கட வீடும்... கொஞ்சம் குளிர்தான்."