ஹீட்டர் வகுப்பில் ஒரு போலி

மே மாதத்துக் காலை பதினொரு மணி. புதுக்கோட்டையில் தார் இளகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. திருக்கோகர்ணத்தில் ஒரு மாடி ஹாலில் பன்னிரண்டு எலக்ட்ரீஷியன்கள் வியர்க்க விறுவிறுக்க, வீட்டைச் சூடாக்குவது எப்படி என்று கற்றுக்கொண்டிருந்தார்கள்.

கற்றுக்கொடுத்தவள் பொற்கொடி. பாலிடெக்னிக் முடித்து, அயர்லாந்தில் ஆறு வருடம் வீட்டு ஹீட்டர்களுக்கு வயரிங் செய்தவள். அங்குள்ள கம்பெனி பன்னிரண்டு பேரைத் தயார்செய்து தரச் சொல்லியிருந்தது. பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. விசா, டிக்கெட் எல்லாம் கம்பெனி செலவு.

பதினோரு பேரைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. பன்னிரண்டாவது ஆள்தான் இடித்தது.

பெயர் வெற்றிசெல்வன். வயது நாற்பத்தைந்து. ஊர் கந்தர்வகோட்டை என்றார்.

"பதினஞ்சு வருசமா வயரிங் பாக்குறேன் மேடம்" என்று சொல்லிக்கொண்டே டெஸ்டரைத் தலைகீழாகப் பிடித்தார்.

சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் நான்கு அறைகளுக்கு நான்கு தெர்மோஸ்டாட், அறைக் குழாய்களில் வெந்நீரைத் திறந்துவிட நான்கு வால்வு. பாய்லருக்குப் பதில் ஒரு சிவப்பு பல்ப். முதல் வாரம் வெற்றிசெல்வன் தெர்மோஸ்டாட்டிலிருந்து நேராக பாய்லருக்கே வயரை இழுத்துவிட்டார். வால்வு எல்லாம் மூடிக்கிடக்க, பல்ப் மட்டும் ஜோராக எரிந்தது.

"அண்ணே, தண்ணி போக வழியே இல்லாம பாய்லர் ஓடுது. நெசமான வீடா இருந்தா என்னாகும்?"

"மொதல்ல நான் ஓடிருவேன் மேடம்."

வகுப்பே சிரித்தது. பொற்கொடியும் சிரித்தாள். ஆனால் பதினைந்து வருட எலக்ட்ரீஷியன் செய்கிற தப்பா இது?

மற்றபடி ஆள் உழைப்பாளி. எல்லாருக்கும் முன்னால் வந்து, கடைசியில் போவார். மூன்றாவது வாரம் பாடத்தைப் பாட்டு மாதிரி ஒப்பித்தார்: "ரூம் குளுந்தா தெர்மோஸ்டாட் சொல்லும். அது சொன்னா வால்வு தொறக்கும். முழுசாத் தொறந்தப்புறந்தான் பாய்லருக்குக் கரண்டு. மத்த ரூமு அதுபாட்டுக்குக் கெடக்கும்."

அதே வாரம்தான் வசந்த் என்ற மாணவன் அவளிடம் தயங்கித் தயங்கி வந்தான்.

"மேடம், வெற்றி அண்ணன் டீக்கடையில எங்களை ஒவ்வொருத்தரா ஓரங்கட்டி விசாரிக்கிறாரு. யாரு மூலமா இந்த எடம் கெடச்சுது, பாஸ்போர்ட்டை யாருகிட்ட குடுத்திருக்கீங்கன்னு."

மறுநாள் மதியம் சாப்பிட்டுத் திரும்பியவள், ஆபீஸ் அறையில் வெற்றிசெல்வன் கம்பெனிக் கடிதத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"சும்மா, வீட்டுல காட்டலாமுன்னு" என்று வழிந்தார்.

பொற்கொடி கடிதத்தை எடுத்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள். ஏதோ புரோக்கர் கும்பல். அந்தக் கடிதத்தைக் காட்டி இன்னும் எத்தனை பேரை ஏமாற்றப்போகிறார்களோ?

ஆறாவது வாரம் தேர்வு. கம்பெனி அதிகாரி வீடியோவில் பார்க்க, நான்கு அறை இணைப்பை ஒன்றரை மணி நேரத்தில் பிழையில்லாமல் முடித்து முதலாவதாக வந்தவர் வெற்றிசெல்வன்.

அன்று மாலை, அனுபவச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும்படி கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஒன்று போலியானாலும் பன்னிரண்டு பேருக்கும் வேலை இல்லை.

பதினோரு சான்றிதழ்கள் சரியாக இருந்தன. வெற்றிசெல்வனின் சான்றிதழில் இருந்த அறந்தாங்கி கான்ட்ராக்டரின் எண்ணை அழைத்தாள்.

"பரோட்டாக் கடைங்க. எத்தனை பார்சல்?"

இரவெல்லாம் அவளுக்குத் தூக்கம் இல்லை. இருப்பதிலேயே நன்றாகக் கற்றுக்கொண்ட மனிதர். ஆனால் அவரைக் காப்பாற்றினால் பதினோரு குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

காலையில் புகாரை எழுதி, அவருடைய போட்டோவையும் வைத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் அரவிந்த்குமார் படித்தார். போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ஆளை எனக்கு நல்லாத் தெரியும்மா."

"பழைய கேஸ் ஏதும் இருக்குங்களா சார்?"

"நெறைய இருக்கு" என்றவர், உள்பக்கம் திரும்பி, "வெற்றி, கொஞ்சம் இங்கிட்டு வாங்க" என்றார்.

காக்கிச் சட்டையில், கையில் ஒரு கவரோடு வந்து நின்றார் வெற்றிசெல்வன். பொற்கொடியைக் கண்டதும் தலை தானாகக் குனிந்தது.

"எங்க ஏட்டுதாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த வேகுற ஊருல ஓசியா ஹீட்டர் சொல்லிக்குடுக்குறாங்க, ஏதோ வெளிநாட்டு வேலை மோசடின்னு ஒங்க மேல ஒரு மொட்டைக் கடிதாசி வந்துச்சு. அதான் பொய்ச் சான்றிதழ் குடுத்து இவரை உள்ள அனுப்பினோம். கம்பெனிக்கு நானே லெட்டர் தாரேன். மத்த பதினோரு பேருக்கும் ஒரு பாதகமும் வராது."

பொற்கொடிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"டூட்டி மேடம். மன்னிச்சுக்கங்க."

"சரிய்யா, ஆறு வாரமாச்சு. அது மோசடியா, நெசமா? ரிப்போர்ட் எங்க?" என்று கையை நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

"ரிப்போர்ட்டுன்னு தனியா எழுதலைங்கய்யா. இதைப் படிச்சாலே வெளங்கிரும்" என்று கவரைக் கொடுத்தார் ஏட்டு.

உள்ளே இருந்தது, வெற்றிசெல்வனின் விருப்ப ஓய்வு விண்ணப்பம்.